நேரம் கொடுத்தவர்கள் பெயர் எங்கே இருக்கிறது?

அரசுப் பள்ளி எதற்காவது போனால் சுற்றிலும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். டியூப்லைட் பட்டியில், மின்விசிறி இறக்கையில், பீரோ கதவில், தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் ‘உபயம்’ என்று எழுதி, கீழே ஒரு பெயர் இருக்கும். சில இடங்களில் ஊர்ப் பெயர், கடைப் பெயர், ‘முன்னாள் மாணவர், 1984’ என்று ஆண்டுகூட இருக்கும். விளக்கு எரியாமல் போய் வருடங்கள் ஆகியிருக்கும், பெயர் அப்படியே இருக்கும்.

கொடுத்தவர் பெயரை எழுதி வைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதே பள்ளியின் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்த பெண்ணின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது. பணமும் பொருளும் கொடுத்தவரைப் பதிந்து வைக்க நமக்கு ஒரு வழி இருக்கிறது. நேரம் கொடுத்தவரைப் பதிந்து வைக்க ஏன் ஒரு வழி இல்லை? சில ஆண்டுகளாகவே இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அந்த வழி இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜனின் ஆணை கல்லில் இருக்கிறது: ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்கிறான். இந்த வரி பலருக்கும் தெரியும். அதே கோயில் சுவரில் இன்னொரு நீளமான பட்டியல் இருப்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கோயிலில் ஆடவும் பாடவும் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் அதில் உண்டு. ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தஞ்சையில் எந்தச் சிறகில், அதாவது தெரு வரிசையில், எத்தனையாவது வீட்டில் இருந்தார் என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். அவர்களோடு விளக்குப் பிடித்தவர், குடை பிடித்தவர், தண்ணீர் தெளித்தவர், தையல்காரர், நாவிதர் ஆகியோரும் அவரவர் பணியோடும் பங்கோடும் பதிவாகியிருக்கிறார்கள். பொன் கொடுத்தவர் பெயர் இருக்கும் அதே சுவரில் உழைத்தவர் பெயரும் இருக்கிறது. யார், என்ன செய்தார் என்பது இரண்டும் சேர்ந்து இருக்கிறது.

சரி, இன்றைக்கு வருவோம்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் ஒன்றரை வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்தன. அந்த இழப்பைச் சரிசெய்யத் தமிழ்நாடு அரசு 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 12 மாவட்டங்களில் சோதனை, பிறகு மாநிலம் முழுக்க. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு, அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேர வகுப்பு. வாரத்துக்கு ஆறு மணி நேரம். ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்கு நடத்த பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் போதும், நடுநிலைக்குப் பட்டம் வேண்டும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கிட்டத்தட்ட 2 லட்சம் தன்னார்வலர்கள் இதில் இணைந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு, கைக்குழந்தையோடு வீட்டிலிருந்த பட்டதாரிகளும் உண்டு.

அப்படி ஒரு மையத்துக்கு நான் அடிக்கடி போனேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். அந்தப் பெண் பி.எஸ்சி. படித்தவர், அப்போது அவருடைய மகனுக்கு இரண்டு வயது. வீட்டு வாசலில் சாக்கும் பாயும் விரித்திருப்பார். உள்ளே இருந்து ஒயர் இழுத்து ஒரு பல்பு தொங்கும், கரண்டு பில் அவர் வீட்டுக் கணக்கு. பழைய நாட்காட்டித் தாள்களைத் திருப்பி, பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் உயிர்மெய் எழுத்துகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். கொசுவர்த்தி ஒன்று ஓரத்தில் புகைந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட ஒரு பையனுக்கு அப்போது தன் பெயரைத் தவிர எதையும் வாசிக்கத் தெரியாது, ஏனென்றால் அவன் ஒன்றாம் வகுப்பையே நேரில் பார்க்கவில்லை. அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, மகனை மடியில் வைத்துக்கொண்டு, ‘கா’வுக்கும் ‘கை’க்கும் வித்தியாசத்தை விரலால் தரையில் எழுதிக் காட்டுவார். ஒரு தடவையும் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இந்த வேலைக்குப் பலன் இருந்ததா? இருந்தது என்று கணக்கே சொல்கிறது. பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில், தொற்றுக்கு முன் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையோடு ஒப்பிட்டால் கணக்கிலும் தமிழிலும் பெரிய பின்னடைவு. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வி மையங்களால் வந்தது என்பது அவர்கள் கணிப்பு. பின்தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் வேகமாக மீண்டார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. வாசலில் தொங்கிய பல்புகள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

பள்ளிகள் முழுமையாக நடக்கத் தொடங்கியதும் மையங்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. அது இயல்புதான். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பெண்களிடம் கையில் என்ன இருந்தது? ஒரு சான்றிதழ், சிலருக்கு ஒரு கேடயம்.

பாராட்டு விழா ஒன்றுக்கு நானும் போயிருந்தேன். காலை பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். தலைமை விருந்தினர் வந்தபோது பன்னிரண்டரை. மேடையில் இருந்த எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தவே முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் தன்னார்வலர்களைப் பத்துப் பத்துப் பேராக மேடையேற்றினார்கள். நேரமில்லாததால் கைக்குக் கிடைத்த சான்றிதழைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். கீழே இறங்கி வந்த பெண்கள் மேடைக்குப் பக்கத்தில் நின்று, ‘இது உங்களுதா பாருங்க, என்னுது உங்ககிட்ட இருக்கா?’ என்று ஒருவருக்கொருவர் கேட்டு மாற்றிக்கொண்டார்கள். எல்லாச் சான்றிதழிலும் ஒரே வரி: தங்கள் தன்னலமற்ற சேவையைப் பாராட்டி. நான் சொன்ன அந்தப் பெண்ணின் பெயரில் இனிஷியல் தவறாக இருந்தது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அன்று சாயங்காலம் வகுப்பு இருக்கிறதே என்று சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்.

இதை ஏற்பாடு செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களை ஒரே நாளில் பாராட்ட வேண்டுமென்றால் இப்படித்தான் முடியும். தூரத்திலிருந்து பாராட்டும்போது எல்லோரும் ஒரே வரியாகிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல்.

தூரத்திலிருந்து பாராட்டுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாநில அரசு ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் ‘முதலமைச்சர் மாநில இளைஞர் விருது’ தருகிறது. 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு, ஆண்கள் மூன்று பேர், பெண்கள் மூன்று பேர். பணமுடிப்பு, பதக்கம், சான்றிதழ். சமுதாய நலனுக்காகத் தன்னார்வத்தோடு தொண்டு செய்தவர்களைத் தேடிப் பெருமைப்படுத்தும் நல்ல விருது அது. விண்ணப்பம் கேட்டு மாவட்ட நிர்வாகம் வெளியிடும் அறிவிப்பில் ஒரு நிபந்தனை வரும்: செய்த தொண்டு கண்டறியப்படக்கூடியதாகவும் அளவிடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அரசுப் பார்வையில் இது நியாயம். நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே. ஆனால் எவை அளக்கச் சுலபமானவை என்று யோசித்துப் பாருங்கள். நட்ட மரக்கன்றுகள், கொடுத்த ரத்தம், வழங்கிய நோட்டுப் புத்தகங்கள், நடத்திய முகாம்கள். இவற்றுக்கு எண் உண்டு, படம் உண்டு, பத்திரிகைச் செய்தி உண்டு. பேசவே கூச்சப்படும் ஒரு பிள்ளை மூன்று மாதம் கழித்து முதல் தடவையாகக் கையைத் தூக்கி ‘அக்கா, நான் படிக்கிறேன்’ என்று சொன்னதற்கு என்ன எண் போடுவது? அதற்கு ஒரே சாட்சி அந்தத் தெரு.

மாணவர்கள் விஷயத்துக்கு வந்தால் எண் இன்னும் முன்னால் வந்து நிற்கும். நாட்டு நலப்பணித் திட்டம், நாம் எல்லோரும் என்.எஸ்.எஸ். என்று சொல்வது, காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், நடுவில் ஏழு நாள் சிறப்பு முகாம். அதை முடித்தால் சான்றிதழ். வெள்ளி விழாவை ஒட்டி 1993-94 முதல் தேசிய விருதுகளும் உண்டு. அந்த விருது மாணவருக்கு மட்டும் இல்லாமல் திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியருக்கும் தனியாகத் தரப்படுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிள்ளைகளை ஊருக்குள் கூட்டிக்கொண்டு போய், அவர்களோடு ஏழு நாள் பள்ளிக்கூடத் தரையில் படுத்து, சமையலுக்குக் காய்கறி வாங்கி, ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் இரவில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் அவர்தான்.

ஆனால் 240 மணி நேரத்தை எல்லோரும் ஒரே மாதிரி முடிப்பதில்லை. வளாகத்தில் புல் வெட்டியதும் மணிக் கணக்கு, முகாம் நடந்த ஊருக்கு ஒவ்வொரு ஞாயிறும் திரும்பிப் போய்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் மணிக் கணக்கு. சான்றிதழில் இரண்டும் ஒன்றுதான். இரண்டாவது வகை மாணவரை அந்தத் திட்ட அலுவலருக்கு நன்றாகத் தெரியும். அவர் அரைப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம்: எந்த ஊர், எத்தனை ஞாயிறு, எந்தப் பாடம், எத்தனை பிள்ளைகள் என்று. நாளைக்கு அந்த மாணவர் வேலைக்கோ மேல்படிப்புக்கோ போகும்போது, அச்சடித்த சான்றிதழை விட அந்தக் கடிதம் அவரைப் பற்றி அதிகம் சொல்லும். நம் கல்லூரிகளில் இந்தப் பழக்கம் மிகக் குறைவு.

மாணவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதும், அதற்காக அவர் பெயர் பதிவாவதும் நம் ஊருக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவர் இருப்பார். பெரிய பையன், வாத்தியாருக்கு உதவியாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர். 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்கான இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் இல்லத்திலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த பெரிய ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துக் காட்டினான். 1797-ல் பெல் லண்டனில் வெளியிட்ட அறிக்கையிலிருந்து அந்த முறை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போனது. ஓர் ஏழைச் சிப்பாயின் மகன் பெயர் இருநூறு வருடம் கழித்தும் நமக்குத் தெரிகிறது என்றால், அந்தப் பையன் செய்ததைப் பெயரோடு எழுதி வைத்ததால்தான். அவனுக்கு முன்னால் இருந்த ஆயிரக்கணக்கான சட்டாம்பிள்ளைகளை யாரும் எழுதி வைக்கவில்லை.

சிலர் கேட்பார்கள்: தொண்டு என்று வந்த பிறகு பாராட்டு எதற்கு, பாராட்டை எதிர்பார்த்தால் அது தொண்டா? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், அதில் உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. 1973-ல் மார்க் லெப்பர் குழுவினர் அமெரிக்காவில் ஒரு மழலையர் பள்ளியில் நடத்திய சோதனையில், படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரைந்த நேரம் மற்றக் குழந்தைகளுடையதில் சுமார் பாதிதான் இருந்தது. ஆனால் எதுவும் சொல்லாமல் வரையவிட்டு, முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்த குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை. சான்றிதழ் கேடு செய்யவில்லை, அதை முன்னால் காட்டி வேலை வாங்கியதுதான் கேடு செய்தது. மாணவர்களுக்கு ‘இத்தனை மணி செய், இது கிடைக்கும்’ என்று சொல்லும் திட்டங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொரு ஆய்வு ஜாம்பியா நாட்டின் லுசாகா நகரத்தில் நடந்தது. நவா அஷ்ரஃப், ஓரியானா பண்டியேரா, கெல்சி ஜாக் மூவரும் 2014-ல் வெளியிட்டது. முடிதிருத்தும் கடைக்காரர்கள் தங்கள் கடைகளில் எய்ட்ஸ் தடுப்புக்காகப் பெண்ணுறை, அதாவது பெண்கள் அணியும் பாதுகாப்பு உறை, விற்கும் ஒரு திட்டம். சிலருக்கு விற்பனைக்கு ஏற்பப் பணம் கொடுத்தார்கள். சிலருக்குக் கடைச் சுவரில் ஓர் அட்டை, ஒவ்வொரு விற்பனைக்கும் அதில் ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். நட்சத்திர அட்டை வைத்திருந்தவர்கள் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு விற்றார்கள். அந்த அட்டை எங்கே தொங்கியது என்பதைக் கவனியுங்கள். அமைச்சர் கையில் வாங்கிப் பெட்டிக்குள் வைத்த பதக்கம் போல இல்லை. தினமும் கடைக்கு வந்து போகும் தெருக்காரர்கள் கண்ணில் பட்ட அட்டை.

தெருக்காரர்கள் கண்ணில் படுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே இடங்கள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தத்தான் நாம் பழகவில்லை. தமிழ்நாட்டில் 2022-லிருந்து வருடத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டால் அது ஊராட்சிப் பதிவேட்டில் ஏறும். ‘நம் ஊரில் இன்னார் மகள் இன்னார், இந்தத் தெருவில் இத்தனை பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் பாடம் நடத்தினார், இந்தச் சபை அதைப் பதிவு செய்கிறது’ என்று ஒரு தீர்மானம் போட ஒரு பைசா செலவில்லை. பத்து வருடம் கழித்தும் அந்தப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கலாம். பெற்றோர், ‘ஆமா, எம் பொண்ணும் அங்கதான் படிச்சா’ என்று எழுந்து சொல்வார்கள். அந்தச் சொல்லை எந்த மாவட்ட விழாவிலும் கேட்க முடியாது.

பள்ளி மேலாண்மைக் குழு இன்னொரு இடம். 2022-ல் அந்தக் குழுக்களை 20 பேரோடு மறுகட்டமைப்பு செய்தபோது, கல்வியாளர் அல்லது இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் என்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தில் தன்னார்வலர்களுக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான், கேடயத்தை விடப் பெரியது. பாராட்டிக் கைதட்டி வீட்டுக்கு அனுப்பாமல், ‘வாங்க, நாற்காலியில் உட்காருங்க, பள்ளிக்கு என்ன செய்யலாம் சொல்லுங்க’ என்று கூப்பிடுவது. அந்த நாற்காலியில் அந்தப் பெண் எத்தனை கூட்டத்தில் வாய் திறந்து பேசினார், எத்தனை ஊரில் அவர் சொன்னதைக் கேட்டார்கள் என்பதில்தான் அந்த மரியாதை நிலைக்குமா என்பது இருக்கிறது. நான் பார்த்த ஊரில் கேட்டார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் பெண் பிள்ளைகள் மதியம் தண்ணீரே குடிப்பதில்லை என்று அவர்தான் சொன்னார். பிள்ளைகள் அதை டீச்சரிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் தாழ்ப்பாள் வந்தது.

அந்தப் பெண்ணை மாநில விருதுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நானே ஒரு தடவை வற்புறுத்தினேன். வயது சரியாக இருந்தது. ஆவணங்கள் வேண்டும், படங்கள் வேண்டும், பத்திரிகைச் செய்தி ஏதாவது இருந்தால் நல்லது என்றேன். அவரிடம் படமே இல்லை. போனில் ஆப்பில் வருகை போட்டதோடு சரி, வகுப்பு நடக்கும்போது படம் எடுக்க அவருக்குக் கை ஏது. கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். சிட்பண்ட் கம்பெனி கொடுத்த டைரி, பாதி கிழிந்த அட்டை. ‘இது ஆகுமா சார்?’ என்று கேட்டார்.

பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைகள் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அன்றைக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை. ‘கடன் வாங்கிக் கழித்தல் வந்துவிட்டது.’ ‘ல, ள, ழ இன்னும் குழப்பம்.’ ‘இன்று வரவில்லை, அம்மாவோடு கரும்பு வெட்டப் போயிருக்கிறாள்.’ மூன்றாம் வகுப்புப் பையனின் பெயரைத் தேடினேன். முதல் மாதம் முழுக்க அவன் பெயருக்கு எதிரில் ஓர் எழுத்து, இரண்டு எழுத்து என்றுதான் இருந்தது. பிப்ரவரியில் ஒரு நாள்: ‘பாடப் புத்தகம் 12-ஆம் பக்கம் முழுக்க வாசித்தான். நிறுத்தவே இல்லை.’

அந்த டைரியை விண்ணப்பத்தோடு வைக்க இடமில்லை. அதை வாங்கிக்கொண்டு போய்ப் பள்ளித் தலைமையாசிரியரிடம் காட்டினேன். அவர் நின்றபடியே பத்துப் பன்னிரண்டு பக்கம் புரட்டினார், பிறகு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஜூலையில் ஒரு பக்கத்தில் நிறுத்தி, எனக்கும் கேட்கும்படி வாசித்தார்: ‘மழை. கரண்ட் இல்லை. ஆறு பேர் வந்தார்கள். வாய்ப்பாடு மட்டும் சொன்னோம்.’